தொழில் கூடும் இடமும் சேகரத்தின் எல்லையும்: வடபழனியை முன்னிட்டு ஓர் இறையியல் நோக்கு

முன்னுரை

உலகம் முழுவதும் ஒரே சந்தையாகிவிட்டது என்றும், எத்தொழிலையும் எவ்வூரிலிருந்தும் செய்யலாம் என்றும், இனி இடம் என்பதற்குப் பொருளே இல்லை என்றும் கூறப்படுவதைக் கேட்டுவருகிறோம். 1991ஆம் ஆண்டில் நம் நாடு மேற்கொண்ட பொருளாதாரக் கொள்கை மாற்றத்திற்குப் பின்னர் இக்கருத்து மேடைகளிலும் பாடநூல்களிலும் வேரூன்றியது. ஆயினும் நாம் காணும் உலகம் இக்கூற்றுக்கு இசைந்ததாக இல்லை. பொருளாதார வாழ்வு நிலத்தின்மீது மழைபோல் எங்கும் ஒருசீராகப் பெய்வதில்லை. அது சில இடங்களில் நெருங்கிக் கூடுகிறது; சில இடங்களைத் தொடாமலே கடக்கிறது; கூடிய இடத்தையும் ஒருநாள் விட்டு நீங்குகிறது.

இது பொருளியல் அறிஞர்கள் மட்டுமே ஆராயத்தக்க செய்தி அன்று. தொழில் கூடும் இடத்தில் மக்கள் கூடுகின்றனர். மக்கள் கூடும் இடத்தில் சபை எழுகிறது. நம் சேகரங்களின் எல்லைகள் வீடுகளையும் தெருக்களையும் கொண்டு வகுக்கப்பட்டவை. அவ்வீடுகளில் வாழ்வோரின் பிழைப்போ வேறு எல்லைகளுக்கு உட்பட்டது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே எத்தனை பேர் நம் கண்ணுக்குப் படாமல் நிற்கின்றனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். அதனை ஆராயச் சென்னை வடபழனியை எடுத்துக்கொள்கிறோம். தென்னிந்தியத் திரைப்படத் தொழில் கூடியதும் பிரிந்ததும் அங்கே தெளிவாகக் காணக் கிடக்கின்றன.

1. சிதறிக் கிடந்த தொழில் ஒன்றுகூடிய வரலாறு

தமிழ்த் திரைப்படத் தொழில் தொடக்கமுதலே கோடம்பாக்கத்தில் இருந்தது என்று எண்ணுவோர் பலர். அது உண்மையன்று. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டில் பம்பாயில் உருவாயிற்று. அக்காலத்தில் தமிழ் நடிகர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறிச் சென்று நடித்துத் திரும்பினர். 1934இல் சென்னையில் ஒலிப்பதிவு வசதியுடன் கூடிய ஸ்டூடியோ தோன்றியது. 1935இல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், பின்னர்ப் பட்சிராஜா ஸ்டூடியோவும் இயங்கின. ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடியில் அமைத்த ஸ்டூடியோவில் 'நாம் இருவர்' படமாக்கப்பட்டு 1947இல் வெளிவந்தது. இலங்கையின் முதல் சிங்களப் பேசும்படமும் மதுரையில் படமாக்கப்பட்டு அதே 1947ஆம் ஆண்டில் வெளிவந்ததே. ஆகவே முதல் இருபது ஆண்டுகளில் இத்தொழில் தமிழகமெங்கும் பரவிக் கிடந்தது எனலாம்.

பின்னர் நேர்ந்தது முற்றிலும் வேறு. மெய்யப்பன் தம் நிறுவனத்தை 1948ஆம் ஆண்டில் வடபழனிக்கு மாற்றினார். அண்மையிலேயே வாகினி ஸ்டூடியோ அமைந்தது, அது பி. நாகிரெட்டியின் பொறுப்பில் விஜயா-வாகினியாக வளர்ந்து ஆசியாவின் மிகப் பெரிய ஸ்டூடியோக்களுள் ஒன்று எனப் பேசப்பட்டது. எல். வி. பிரசாத் சாலிகிராமத்தில் தம் ஸ்டூடியோவை நிறுவினார். பழனிமலை முருகனை நினைவூட்டும் கோயிலால் பெயர்பெற்ற ஒரு புறநகர்ப் பகுதி, சில ஆண்டுகளில் தென்னாட்டின் நான்கு மொழிப் படங்களும் இந்திப் படங்களும் உருவாகும் இடமாயிற்று. சேலமும் கோயம்புத்தூரும் மெல்ல மெல்லத் தேய்ந்தன. சேலத்தில் இன்று மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு மட்டுமே எஞ்சி நிற்கிறது.

இம்மாற்றம் தற்செயலானதா? அன்று. ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஆல்பிரெட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலில், ஒரே தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் குழுமுவதற்கு மூன்று காரணங்களைக் காட்டினார். முதலாவது, தேர்ந்த தொழிலாளர்கள் அங்கே எளிதில் கிடைப்பர். தொழிலாளிக்கும் ஒரு முதலாளி கைவிட்டால் மற்றொருவர் அருகிலேயே உண்டு. இரண்டாவது, அத்தொழிலுக்கு வேண்டிய துணைத்தொழில்கள் அதனைச் சூழ்ந்து வளரும். மூன்றாவது, தொழிலின் நுட்பம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பேச்சிலும் பழக்கத்திலும் பரவும்.

இம்மூன்றும் வடபழனியில் கண்கூடாக விளங்கின. ஒரு படத்திற்கு ஒளிப்பதிவாளர், லைட்மேன், மேக்கப் கலைஞர், தையற்காரர், செட் அமைக்கும் ஆசாரி, பெயின்டர், சண்டைப் பயிற்சியாளர், நடனக் கலைஞர், துணை நடிகர், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், சமையற்காரர், வண்டியோட்டி எனப் பலதிறப்பட்டோர் தேவை. இவர்களுள் எவரும் ஒரே படத்தை நம்பி ஆண்டு முழுவதும் பிழைக்க இயலாது. பல படங்கள் அருகருகே நடைபெறும்போதுதான் ஒரு கால்ஷீட் முடிந்ததும் அடுத்த கால்ஷீட்டுக்குச் செல்ல இயலும். ஆகவே அவர்கள் ஸ்டூடியோக்களுக்கு நடந்து செல்லத்தக்க தொலைவில் குடியேறினர். அவர்கள் அங்கு இருந்தமையால் புதிய பட நிறுவனங்களும் அங்கேயே அலுவலகம் வைத்தன. ஒன்று மற்றொன்றை ஈர்த்தது. ஈர்ப்பு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது.

இங்கே ஒரு முரண் உண்டு. போக்குவரத்து மலிந்தால் தொழில் பரவும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பால் குருக்மன் 1991ஆம் ஆண்டிலிருந்து எழுதிய ஆய்வுகளில் இதற்கு எதிரானதும் நிகழக்கூடும் என்று காட்டினார்; இத்துறை ஆய்வுகளுக்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிட்டியது. ஓரிடத்தில் செய்த பொருளைத் தொலைவிலுள்ள சந்தைக்கு எளிதில் அனுப்ப முடியுமானால், அப்பொருளை ஒவ்வோர் ஊரிலும் செய்யவேண்டியதில்லை. வடபழனியில் உருவான படத்தின் படப்பெட்டி இரயிலிலும் பேருந்திலும் திருநெல்வேலிக்கும் திருச்சிக்கும் சென்றமையால், சேலத்திலும் காரைக்குடியிலும் ஸ்டூடியோ தேவைப்படாமற்போயிற்று. தொலைவு சுருங்கச் சுருங்க, கூடுமிடத்தின் வலிமை பெருகியது. உலகமயமாதலின் உள்ளிருந்து இயங்கும் விதியும் பெரிதும் இதுவேயாகும்.

2. கூடியது பிரிந்த விதம்

கூட்டும் ஆற்றல்கள் இருப்பதுபோலவே பிரிக்கும் ஆற்றல்களும் உண்டு. வடபழனியில் அவை நான்கு வடிவங்களில் தோன்றின.

முதலாவது, அரசியல். 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றி, 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், ஒவ்வோர் அரசும் தன் மொழிப் படங்கள் தன் எல்லைக்குள் உருவாக வேண்டுமென விரும்பிச் சலுகைகள் வழங்கியது. தெலுங்குத் திரையுலகம் படிப்படியாக ஐதராபாத்திற்குப் பெயர்ந்தது; 1996இல் அந்நகரின் புறத்தே ராமோஜி திரைப்பட நகரம் திறக்கப்பட்டது. கேரள அரசு 1975இல் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, 1980இல் திருவனந்தபுரத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோவைத் தொடங்கியது. நான்கு மொழிகளுக்கு உழைத்த கைகளுக்கு ஒரு மொழியே எஞ்சியது.

இரண்டாவது, கலைப்போக்கு. பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977இல் வெளிவந்தபின், கதை நிகழும் மண்ணுக்கே சென்று படமெடுக்கும் வழக்கம் வலுத்தது. செட் அமைக்கும் ஆசாரிக்கு வேலை குறைந்தது. விளக்குகளையும் கருவிகளையும் வாடகைக்கு விடும் அவுட்டோர் யூனிட்டுகளுக்கு வேலை பெருகியது.

மூன்றாவது, நிலத்தின் விலை. நகரம் வளர்ந்து வடபழனியைத் தன் நடுவுக்குள் இழுத்துக்கொண்டபின், பரந்த ஸ்டூடியோ நிலத்தில் படமெடுப்பதைவிட அந்நிலத்தை வேறு வகையில் பயன்படுத்துவது மிகுந்த வருவாய் தந்தது. விஜயா-வாகினியின் நிலத்தில் 1972இல் விஜயா மருத்துவமனை தோன்றியது. பின்னர் 2013இல் பெரிய வணிக வளாகம் எழுந்தது. 2015 ஜூன் மாதத்தில் மெட்ரோ இரயில் வடபழனிக்கு வந்தது. ஏவி.எம். வளாகத்தில் 2023ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பழைய ஒளிப்பதிவுக் கருவிகளும் வாகனங்களும் கொண்ட அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கருவிகள் அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றை இயக்கிய கைகள் எங்கே சென்றன என்பதே நம் வினா.

நான்காவது, தொழில்நுட்பம். இதில்தான் உலகமயமாதலின் கை நேராகப் பட்டது. படச்சுருளைக் கழுவிப் படிவம் எடுக்கும் லேப்கள் இவ்வட்டாரத்தின் பெருமையாய் விளங்கின. டிஜிட்டல் முறை பரவியதும் உலகெங்கும் படச்சுருளுக்கான தேவை வீழ்ந்தது. 2012 ஜனவரியில் அமெரிக்கக் கோடாக் நிறுவனம் கடன்தீர்க்க வகையின்றி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2013இல் ஜப்பானிய ஃபியூஜி நிறுவனம் திரைப்படச் சுருள் உற்பத்தியை நிறுத்தியது. ராச்செஸ்டரிலும் டோக்கியோவிலும் நேர்ந்தவை ஆர்க்காட்டுச் சாலையின் கிளைத்தெருக்களில் வாழ்ந்த நெகட்டிவ் வெட்டுவோருடைய அன்றாட உணவைத் தொட்டன.

3. நீங்கியது எது, எஞ்சியது எது

மேற்கூறியவற்றால் வடபழனியில் திரைத்தொழில் அழிந்தது என்று முடிவு செய்தல் தவறாகும். நீங்கியது பெரும்பரப்பு நிலம் வேண்டும் படப்பிடிப்பு. அது பூந்தமல்லிக்கு அப்பாலும், மாமல்லபுரம் செல்லும் சாலையில் பையனூருக்கும், ஐதராபாத்துக்கும் சென்றது. எஞ்சியவை சிறு அறைகளில் செய்யத்தக்க நுட்பப் பணிகள்: டப்பிங், படத்தொகுப்பு, ஒலிக்கலவை, கிராஃபிக்ஸ், கதை விவாதம், கருவி வாடகை, துணை நடிகரைத் திரட்டுதல் ஆகியன. இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களை இணைக்கும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமும் இவ்வட்டாரத்தையே மையமாகக் கொண்டிருக்கிறது.

இதனைச் சென்னையைச் சூழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியோடு ஒப்பிடுவோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கிப் பல்லாயிரவருக்கு வேலை தந்தது. 2014 நவம்பர் 1ஆம் நாள் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே ஒரு நிறுவனத்தின் வாயில் அடைபட்டதும் வேலை முழுவதும் நின்றது. வடபழனியிலோ பெரிய வாயில்கள் அடைபட்ட பின்னரும் தொழிலின் ஒரு பகுதி உயிரோடிருக்கிறது. காரணம் யாது? முன்னதில் தொழிலின் அறிவும் முடிவும் தொலைவிலிருந்த தலைமையகத்தில் இருந்தன. இங்கிருந்தது கைகளின் உழைப்பு மட்டுமே. பின்னதில் அறிவு ஒருவரையொருவர் அறிந்த பல்லாயிரம் மனிதரிடையே பரவியிருந்தது. கட்டடத்தை விற்கலாம், அவ்வறிமுகத்தை விற்க இயலாது. தொழில் என்பது கூரையும் சுவரும் அன்று, மனிதரிடையே அமைந்த உறவே என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் எஞ்சியிருப்போர் பாதுகாப்பாக இருக்கின்றனர் என்று எண்ணிவிடலாகாது. இணையத்தின் வழி அனுப்பத்தக்க எப்பணியும் உலகின் எம்மூலைக்கும் செல்லக்கூடும். 'லைஃப் ஆஃப் பை' என்னும் படத்தின் கதை புதுச்சேரியில் தொடங்குகிறது. அதன் கிராஃபிக்ஸ் பணியில் பெரும்பங்காற்றிய கலிபோர்னிய நிறுவனமான ரிதம் அண்டு ஹ்யூஸ், மும்பை, ஐதராபாத், கோலாலம்பூர், வான்கூவர் முதலிய நகரங்களிலும் கிளைகள் கொண்டிருந்தது. 2013 பிப்ரவரியில் அந்நிறுவனம் நொடித்தது. அதே மாதத்தில் அப்படத்தின் காட்சிகளுக்காக ஆஸ்கர் விருதும் கிட்டியது. சலுகை தரும் அரசையும் குறைந்த கூலியையும் தேடி வேலை நகரும்போது, விருது பெற்ற திறமையும் தொழிலாளிக்கு அரணாவதில்லை.

ஆக, இன்றைய பொருளாதாரத்தில் மூன்று வேகங்கள் உள. பணமும் கோப்பும் நொடியில் நகரும். திறமை ஆண்டுக்கணக்கில் உருவாகி மெல்ல நகரும். குடும்பமோ பிள்ளைகளின் பள்ளி, முதியோரின் மருத்துவம், குடும்ப அட்டை, வாடகை முன்பணம், தெருவின் பழக்கம், சபையின் உறவு ஆகியவற்றால் கட்டுண்டு மிக அரிதாகவே நகரும். இவ்வேக வேறுபாட்டின் சுமை யார்மேல் விழுகிறது? மிக மெதுவாக நகர்வோர்மேலேயே விழுகிறது. படப்பிடிப்பு நகரத்திற்கு வெளியே சென்றபின் தொழிலாளி விடியுமுன் புறப்பட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறார். ஸ்டூடியோக்களை ஒட்டி வாழ்ந்தவர், தம் உழைப்பால் பேர்பெற்ற அதே தெருவில் வாடகை கொடுக்க இயலாமல் புறநகருக்குப் பெயர்கிறார். 2020 பிப்ரவரி 19ஆம் நாள் பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள படப்பிடிப்புத் தளமொன்றில் பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர். அடுத்த மாதமே பெருந்தொற்றால் படப்பிடிப்புகள் நின்றன. நாட்கூலியை நம்பிய குடும்பங்கள் நிவாரண அரிசியை எதிர்நோக்கும் நிலை ஏற்பட்டது.

பழைய ஸ்டூடியோ அமைப்பைப் பொற்காலமாகப் போற்றுவது நம் நோக்கமன்று. அங்கும் உயர்வு தாழ்வு இருந்தது. உறவும் சாதியும் பலருக்கு வாயிலை அடைத்தன. துணை நடிகையர்க்கு மானத்தோடு உழைக்கும் நிலை எளிதில் கிட்டவில்லை. எனினும் அங்கு ஒரு வாயில் இருந்தது. முறையிடுவதற்கு ஒரு முகவரி இருந்தது. இன்று பலருக்கு அதுவும் இல்லை.

4. திருமறையின் ஒளியில்

திருமறை பொருளியல் நூலன்று. ஆயினும் தொழிலும் வணிகமும் இடங்களுக்கிடையே பரவும் விதத்தை அது கூர்ந்து நோக்குகிறது.

எசேக்கியேல் 27ஆம் அதிகாரம் தீரு நகரத்தைப் பற்றிய புலம்பல். அதில் தீர்க்கதரிசி ஒரு வணிக வரைபடத்தையே தீட்டுகிறார். தர்ஷீசிலிருந்து வெள்ளியும் இரும்பும் ஈயமும் வருகின்றன. யூதாவும் இஸ்ரவேலும் கோதுமையும் தேனும் எண்ணெயும் அனுப்புகின்றன. யாவானும் தூபாலும் மேசேக்கும் வெண்கலப் பாத்திரங்களோடு மனிதரையும் விற்பனைக்குக் கொண்டுவருகின்றன. தன் சொந்த நாடும் இவ்வரைபடத்தில் ஒரு புள்ளியே என்பதைத் தீர்க்கதரிசி மறைக்கவில்லை. நகரம் கடலில் உடையும் கப்பலாக உருவகிக்கப்படுகிறது. துடுப்புப் பிடிப்போர், பழுது பார்ப்போர், வணிகர், போர்வீரர் ஆகிய யாவரும் பெயர் சுட்டப்பெற்று ஒருங்கே வீழ்கின்றனர். பெருநகரின் சிறப்பைப் பேசும்போது அதனைச் செலுத்திய கைகளையும் எண்ணவேண்டும் என்பதே இப்பட்டியலின் பாடம். வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரத்திலும் பொன்னில் தொடங்கும் சரக்குப் பட்டியல் மனித உயிர்களில் முடிகிறது. மனிதர் சரக்குகளின் கடைசியில் வைக்கப்படும் வணிகமே அங்கு நியாயத்தீர்ப்பு அடைகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. எபேசுவில் ஆர்த்தெமி தேவியின் கோயிலைச் சூழ்ந்து வெள்ளித்தொழில் குழுமியிருந்தது. தெமேத்திரியு கூட்டிய கூட்டத்தில் தேர்ந்த கம்மியரும் சாதாரண வேலையாட்களும் இருந்தனர் என்பதை மூலமொழிச் சொற்கள் வேறுபடுத்திக் காட்டுகின்றன. சுவிசேஷம் எபேசுவில் முதலில் மோதியது ஒரு கருத்தோடு மட்டுமன்று, ஒரு தொழில் வட்டாரத்தோடும்தான். ஓரிடத்தில் கூடியோரின் ஒற்றுமை தன்னளவில் புனிதமானதன்று என்பதையும் இப்பகுதி எச்சரிக்கிறது. இலாபத்தைக் காக்கும் ஒற்றுமை கலகக் கூட்டமாகவும் மாறும். அந்நகரின் துறைமுகமோ பின்னாளில் ஆற்று வண்டலால் தூர்ந்தது. இன்று அதன் இடிபாடுகள் கடலைவிட்டு உள்நாட்டில் கிடக்கின்றன. ஆனால் சபை அந்தத் துறைமுகத்தோடு தூர்ந்துவிடவில்லை.

அதே நூலின் 18ஆம் அதிகாரத்தில் வரும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் நம் காலத்துத் தொழிலாளர்க்கு முன்னோடிகள். அரசாணையால் ரோமாபுரியினின்று வெளியேறி, கொரிந்துவில் தங்கி, எபேசுவுக்குப் பெயர்ந்தனர். கூடாரத்தொழிலே அவர்களைப் பவுலோடு இணைத்தது. அவர்கள் சென்ற இடமெல்லாம் அவர்கள் வீட்டில் சபை கூடியது (1 கொரிந்தியர் 16:19, ரோமர் 16:3-5). தொழிலாளி பெயர்ந்தால் சபை ஓர் உறுப்பினரை இழக்கிறது என்றே நாம் கணக்கிட்டுப் பழகியுள்ளோம். சபையே அவரோடு பெயர்கிறது என்று எண்ண இப்பகுதி நம்மை அழைக்கிறது.

திராட்சத்தோட்ட உவமையில் (மத்தேயு 20:1-16) சந்தைவெளியில் நின்றோரிடம், ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கப்படுகிறது. தங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் விடை. குறை அவர்களுடைய சோம்பலில் இல்லை. வேலை அவர்கள் நின்ற இடத்திற்கு வரவில்லை. தோட்டத்தின் எஜமான் அவ்விடையை நம்பினார். தாமே மீண்டும் மீண்டும் சந்தைக்குச் சென்றார். ஒரு நாள் பிழைப்புக்கு வேண்டிய கூலியைத் தந்தார். கால்ஷீட் கிடைக்காத தொழிலாளியை நோக்கி, முயற்சி போதவில்லை என்று அறிவுரை கூறும் போதகர் இவ்வுவமையை மீண்டும் வாசிப்பது நலம்.

இறுதியாக, நிலம் பற்றிய லேவியராகமம் 25ஆம் அதிகாரம். யூபிலி ஆண்டில் நிலம் திரும்புவதைப் பற்றி நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் மதில் சூழ்ந்த நகரத்து வீடு ஓராண்டுக்குள் மீட்கப்படாவிடில் வாங்கினவருக்கே நிலைத்துவிடும் என அவ்வதிகாரமே விலக்களிப்பதை (25:29-30) நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நகர நிலம் வயல்நிலத்தைப் போன்றதன்று என்பதைச் சட்டம் அறிந்திருந்தது. ஆகவே யூபிலியை இன்றைய மாநகருக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. ஆயினும் அவ்விலக்கிற்கும் ஒரு விலக்கு உண்டு: லேவியரின் நகரங்களில் உள்ள வீடுகள் எப்போதும் மீட்கத்தக்கவை, அவர்களுடைய நகரங்களைச் சூழ்ந்த வெளிநிலம் விற்கப்படவே கூடாது (25:32-34). ஆசாரிய ஊழியத்திற்கு ஒப்படைக்கப்பட்ட நிலத்திற்குச் சந்தை விதி முழுமையாகச் செல்லாது என்பதே இதன் உட்பொருள். இது நம்மை நோக்கிய சொல் என்பதில் ஐயமில்லை.

5. திருச்சபைப் பணிக்கு இதனால் வருவது

1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பேராயர் லெஸ்லி ஹண்டர், குருவானவர் விக்காமைக் கொண்டு தொழிற்சாலை ஊழியத்தைத் தொடங்கினார். தொழிலாளர் கோயிலுக்கு வரவில்லையெனில், குருவானவர் எஃகுத் தொழிற்சாலைக்குள் சென்று, இடைவேளையில் அவர்களோடு உரையாடுவது அதன் முறை. நம் நாட்டிலும் தொழில் நகரங்களில் அம்முறை பின்பற்றப்பட்டது. அது ஒரு பெரிய வாயிலை நம்பிய ஊழியம். வாயில் இல்லாத தொழிலாளர்க்கு நாம் என் செய்வது? நான்கு கருத்துகளை உடன் ஊழியர்களின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

முதலாவது, சேகரப் பதிவேடு. நம் பதிவேட்டில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் திருமணமும் உள்ளன, உழைப்பு இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் யார், எங்கே, எத்தொழிலில், எவ்வளவு நேரப் பயணத்தில், நாட்கூலிக்கா மாதச் சம்பளத்துக்கா உழைக்கின்றனர் என்பதை ஒருமுறை எழுதிப்பார்ப்போமாக. அவ்வாறு எழுதினால் நம் சேகரத்தின் உண்மையான எல்லை ஆர்க்காட்டுச் சாலையோடு நில்லாமல் ஒருபுறம் பூந்தமல்லி வரையும் மறுபுறம் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்கள் வரையும் நீளுவது தெரியவரும்.

இரண்டாவது, வேளை. மாலை ஏழு மணி வீட்டு ஜெபக்கூட்டமும் ஞாயிறு காலை ஆராதனையும் அலுவலக வேலையையொட்டி அமைந்தவை. கால்ஷீட் முறையில் உழைப்பவருக்கும், அமெரிக்காவின் பகலுக்காக இங்கே இரவில் விழித்திருப்பவருக்கும் அவ்வேளைகள் பொருந்தா. அவர்கள் வராமையை விசுவாசக் குறைவாகக் கொள்ளும் முன், நாம் அவர்கள் இருக்கும் வேளையில் இருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை இல்லாத ஒரு வார நாளின் காலையில் திருவிருந்து அளிப்பதற்கு வேதமோ ஒழுங்குமுறையோ தடையாக இல்லை.

மூன்றாவது, சங்கங்களோடு உறவு. வடபழனியில் தொழிலின் உயிர் மனிதரின் அறிமுகத்தில் தங்கியிருக்கிறது என்று கண்டோம். அந்த அறிமுகத்தைக் காக்கும் அமைப்புகள் தொழிற்சங்கங்களும் வட்டாரக் குழுக்களுமே. அவை கிறிஸ்தவ அமைப்புகள் அல்ல என்பதற்காக விலகி நிற்பது, நாடுகடத்தப்பட்டோரை நகரத்தின் சமாதானத்தைத் தேடச் சொன்ன எரேமியாவின் மடலுக்கு (எரேமியா 29:4-7) இசைந்ததன்று. எபேசுவின் எச்சரிக்கையையும் மறவாமல், புதிதாக வருவோர்க்கும் வடநாட்டிலிருந்து வந்து நம் மெட்ரோ தூண்களை எழுப்புவோர்க்கும் அச்சங்கங்களின் கதவு திறக்கப்படுமாறு அன்போடு எடுத்துரைப்பதும் நம் பங்கே.

நான்காவதும் கடினமானதும், நிலம். ஓரிடத்தின் மதிப்பை உயர்த்துவது அதன் உரிமையாளரின் உழைப்பு மட்டுமன்று. அங்கே கூடிய யாவருடைய உழைப்பும் ஆகும். லைட்மேனும் ஆசாரியும் நடனப் பெண்ணும் வடபழனிக்குப் பெயர் ஈட்டித் தந்தனர்; உயர்ந்த விலையோ நிலவுடைமையாளரைச் சேர்ந்தது. இதனைப் பிறர்மேல் குற்றமாகச் சுமத்துமுன், சென்னை மாநகரில் திருச்சபைகளிடமும் நிலம் உண்டு என்பதை நினைப்போமாக. மிஷனெரிகள் காலத்தில் புறம்போக்குக்கு ஒப்பாயிருந்த இடங்கள் இன்று கோடிக்கணக்கில் மதிப்புடையன. அம்மதிப்பும் நாம் உழைத்து ஈட்டியதன்று. அவ்விடத்தை அதிக வாடகை தருவோர்க்கு விடுவதா, வெளியேற்றப்படும் எளியோர்க்கு உறைவிடமோ, பணிபுரியும் தாய்மாரின் பிள்ளைகளுக்குக் காப்பகமோ, தொழில் மாறியோர்க்குப் பயிற்சிக்கூடமோ அமைப்பதா என்னும் வினா சேகரக் குழுவின் வரவுசெலவுக் கணக்காக மட்டுமே பேசி முடிக்கப்படுகிறது. அது ஒரு விசுவாச அறிக்கை என்பதை நாம் உணர்த்த வேண்டும். லேவியரின் வெளிநிலம் விற்கப்படலாகாது என்று சட்டம் கூறியது; நம் நிலத்தையும் அவ்வாறே எண்ண நமக்குக் காரணம் உண்டு: அது நம்முடையதன்று.

முடிவுரை

ஆத்துமாக்களின் மேய்ப்பனுக்குப் பொருளாதார வரைபடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மேய்ப்பன் மேய்ச்சல் நிலம் எங்கே காய்ந்தது, எங்கே துளிர்த்தது என்பதை அறியாமல் மந்தையை நடத்த இயலாது என்பதே நம் விடை. தொழில் ஓரிடத்தில் கூடுவதும் பிரிவதும் விதியின் விளையாட்டன்று. அரசுகளின் முடிவும் முதலின் கணக்கும் தொழில்நுட்பத்தின் மாற்றமும் அவற்றை நடத்துகின்றன. மனிதர் செய்தவை ஆதலின் மனிதரால் ஆராயப்படவும் திருத்தப்படவும் தக்கவை.

தமிழக அரசு 2024ஆம் ஆண்டில் பூந்தமல்லி அருகே புதிய திரைப்பட நகரம் அமைப்பதாக அறிவித்தது. அங்கே தளங்கள் எழும்போது வடபழனியின் தொழிலாளர் மீண்டும் பெயரவோ, நெடுந்தொலைவு பயணம் செய்யவோ நேரிடும். அவர்கள் நம் சேகரத்தை விட்டு நீங்கினர் என்று பதிவேட்டில் கோடிட்டு முடிப்பதா, ஆக்கில்லாவின் வீட்டில் கூடிய சபையை நினைத்து அவர்களோடு நடப்பதா என்பதை நாம் இப்பொழுதே தீர்மானிக்க வேண்டும். கட்டடங்கள் தங்கும் இடத்திலேயே நிற்கும் சபை, கட்டடங்கள் விற்கப்படும் நாளில் தானும் ஓர் அருங்காட்சியகமாகும். உழைப்போர் செல்லும் இடத்திற்குச் செல்லும் சபையோ, எந்நகரத்திலும் தன் ஆண்டவரைச் சந்தைவெளியில் சந்திக்கும்.